எந்த மரத்து இலை?

பாடநூலில் பார்த்திருப்பீர்கள், சிறுவர் இதழில் பார்த்திருப்பீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு சேர்ந்தும் வந்திருக்கும். ஒரே பூச்சியின் இரண்டு படங்கள். ஒன்றில் இறக்கையை விரித்து நீலமும் ஆரஞ்சுமாக மின்னுகிறது. இன்னொன்றில் இறக்கையை மூடிக்கொண்டு, காம்பும் நடுநரம்பும் பூஞ்சைக் கறையுமாகக் காய்ந்த இலையாகிவிடுகிறது. அடியில் ஒரு வரி: எதிரிகளிடமிருந்து தப்ப, அச்சு அசலாக இலையைப் போலத் தன்னை மாற்றிக்கொண்ட இயற்கையின் அற்புதம்.

படங்களில் குற்றமில்லை. அந்த ஒரு வரியோடுதான் வழக்கு. காலிமா என்னும் இந்தப் பேரினத்தைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவதன் சாரம் அதில் இருக்கிறது: வெளியே எங்கோ ஓர் அசல் உண்டு, அது இலை, இறக்கை அதன் நகல், நகல் எவ்வளவு துல்லியமோ பூச்சிக்கு அவ்வளவு பாதுகாப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கொள்கை இறக்கையையும் விளக்கவில்லை, பறவையையும் விளக்கவில்லை என்பது என் கட்சி. ஒற்றுமை இறக்கையின் மேல் பூசி வைத்த சரக்கு அல்ல. பசியோடு வரும் ஒரு பறவையின் கண்ணிலும் நினைவிலும் சில கணங்கள் நடக்கிற காரியம். அதை இறக்கையில் தேடப் போனால் எல்லாக் கேள்விக்கும் கோணலான விடைதான் கிடைக்கும்.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். படங்களில் ஆரஞ்சுப் பட்டையோடு வருவது காலிமா இனாகஸ். இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, தென்சீனம், தைவான் என்று பரவி ஜப்பானின் ஒகினாவா வரை உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது காலிமா ஹார்ஸ்ஃபீல்டி; ஆரஞ்சுக்குப் பதிலாக வெளிர்நீலப் பட்டை. இலங்கைக்குக் காலிமா ஃபிலார்கஸ் என்று தனி இனம். புழுப் பருவத்தில் குறிஞ்சி இனத்துச் செடிகளின் இலையைத் தின்று வளரும். வளர்ந்த பூச்சி பெரும்பாலும் பூவை நாடாது. மரத்தில் வடியும் சாறும் அழுகிய பழமும் ஈரமண்ணும்தான் அதற்கு ஆகாரம்.

"தன்னை மாற்றிக்கொண்ட" என்பதை மறுக்க நிறைய இடம் தேவையில்லை. வண்ணத்துப்பூச்சியின் நிறம் முழுவதும் செதில்களில் இருக்கிறது. ஒவ்வொரு செதிலும் ஒரே ஒரு செல் செய்த வேலை. கூட்டுப்புழுவுக்குள் இருக்கும்போதே அந்தச் செல் செதிலைக் கட்டி முடித்துவிட்டுச் செத்துப்போகும். மிஞ்சுவது கைட்டின் கூடு. பச்சோந்தியின் தோலில் உயிருள்ள செல்கள் உண்டு, அதனால் அது நிறம் மாறுகிறது. காலிமா கூட்டைவிட்டு வந்த நாளில் என்ன நிறமோ சாகும் நாளிலும் அதே நிறம், தேய்ந்து உதிர்ந்தது போக. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் இரண்டையுமே பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வலுவான எதிராளி வேறொருவர். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அலைந்து பூச்சியும் பறவையும் சேர்த்தவர். இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினைப் போலவே தனியாகக் கண்டடைந்தவர். சுமத்திராவில் காலிமா பாரலெக்டாவைப் பிடிக்க முயன்று பலமுறை தோற்றதை 1869இல் வெளிவந்த தமது 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் எழுதினார். பூச்சி கொஞ்ச தூரம் பறக்கும். காய்ந்த இலைகள் தொங்கும் புதருக்குள் நுழையும். பிறகு எவ்வளவு உற்றுத் தேடினாலும் அகப்படாது, தானாகக் கிளம்பிப் பறந்தால்தான் உண்டு. உட்காரும் விதத்தையும் விவரித்தார்: பின்னிறக்கையின் வால் கிளையைத் தொட்டுக் காம்பாகிவிட, தலையும் உணர்கொம்புகளும் இறக்கைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ள. நூலில் ஒரு சித்திரமும் உண்டு. பறக்கும் பூச்சி ஒன்று, இலைகளோடு இலையாக அமர்ந்த பூச்சி ஒன்று. இன்றைய இரட்டைப் படத்துக்குப் பாட்டன் அதுதான்.

வாலஸ் கண்டதை நான் மறுக்கவில்லை. அவர் வேட்டைக்காரரின் கண்ணோடு பார்த்தவர். பூச்சி பறந்ததும் மறைந்ததும் தாம் ஏமாந்ததும் அவருடைய குறிப்பில் இருக்கின்றன. ஏமாந்த கண் ஒன்று அந்தக் கதைக்குள் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் வேட்டையைக் கழற்றிவிட்டு, ஊசியில் குத்திய பூச்சியையும் பக்கத்தில் வைத்த சருகையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். காட்டில் எந்தப் பறவைக்கும் அந்த வசதி கிடையாது.

சரி, ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஒப்பிடுவோம். நகல் என்றால் அசலைக் காட்ட வேண்டும். எந்த மரத்து இலை? களக்காட்டிலிருந்து நீலகிரி வரை உள்ள அத்தனை மரங்களில் ஒன்றைச் சுட்டி, இதன் சருகுதான் ஹார்ஸ்ஃபீல்டியின் இறக்கை என்று சொல்ல முடியாது. தாவரவியல் படித்த ஒருவரிடம் இறக்கையை நீட்டினால் நரம்பமைப்பைப் பார்த்தே கையை விரித்துவிடுவார். நடுநரம்பு என்று நாம் சொல்லும் கருங்கோடு முன்னிறக்கையின் நுனியருகே தொடங்கி, பின்னிறக்கைக்குத் தாவி, வாலில் போய் முடிகிறது. அதன் ஒரு பக்கத்தில் கிளைக் கோடுகள் தெளிவாகவும் மறுபக்கத்தில் மங்கலாகவும் இருக்கின்றன. எந்த இலையிலும் இந்தக் கணக்கு இல்லை. இதைவிட வேடிக்கை, இறக்கைக்கென்று சொந்த நரம்புகள் உண்டு. மூச்சுக்குழல்களும் பூச்சியின் குருதியும் செல்லும் குழாய்கள் அவை. தீட்டிய நரம்புகள் அந்த நிஜ நரம்புகளைச் சட்டை செய்யாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. 1924இல் ரஷ்யாவின் ஷ்வான்விட்சும், 1927இல் ஜெர்மனியின் சுஃபெர்ட்டும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். காலிமா சேர்ந்த பெருங்குடும்பத்தின் இறக்கைக் கோலங்களுக்கெல்லாம் அடியில் பொதுவான ஒரு வரைவு இருக்கிறது: இறக்கையின் அடியில் ஒரு தொகுதிப் பட்டைகள், நடுவில் ஒரு தொகுதி, விளிம்பை ஒட்டிக் கண்புள்ளிகளின் வரிசை. ஒவ்வோர் இனமும் இவற்றையே நீட்டியும் குறுக்கியும் நகர்த்தியும் அழித்தும் தன் கோலத்தைப் போட்டுக்கொள்கிறது. காலிமாவின் நடுநரம்பு வெவ்வேறு பட்டைகளின் துண்டுகள் ஒரே நேர்கோட்டுக்கு வந்து சேர்ந்ததால் உண்டானது. பூஞ்சைக் கறை என்று வியக்கிறோமே, அவற்றில் சில உறவுக்காரப் பூச்சிகளிடம் பளிச்சென்று தெரியும் கண்புள்ளிகள் சுருங்கி மங்கியவை. இலையிடமிருந்து ஒரு கோடுகூடக் கடன் வாங்கப்படவில்லை. எல்லாம் குடும்பச் சொத்து, வைத்திருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

அந்த நேர்கோடும் எப்போதும் இருப்பதில்லை. ஆணியடித்த மாதிரியில் இறக்கைகளை விரித்து அடிப்பக்கம் பார்த்தால் முன்னிறக்கைத் துண்டும் பின்னிறக்கைத் துண்டும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். பூச்சி உட்கார்ந்து, முன்னிறக்கையைக் குறிப்பிட்ட அளவுக்குப் பின்னிறக்கைக்குள் இழுத்துக்கொண்டால்தான் இரண்டும் பொருந்தும். கோயிலின் இரட்டைக் கதவில் பாதிக்குப் பாதியாகச் செதுக்கிய யாளி, கதவைச் சாத்தினால்தான் முழு யாளியாவது போல. இரண்டு வெவ்வேறு உறுப்புகளின் குறுக்கே ஒரே கோட்டை ஓடவிட்டு, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் செய்யும் இந்த வித்தையை 1940இல் ஹியூ காட் தம் பெரிய நூலில் விளக்கினார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு உருமறைப்பு கற்பித்தவர் அவர். அவருடைய கருத்து பின்னால் சோதிக்கப்பட்டது. 2005இல் இன்ஸ் கதில் குழுவினர் அந்துப்பூச்சி வடிவில் வெட்டிய முக்கோணக் காகிதங்களுக்கு அடியில் செத்த மாவுப்புழுக்களைச் சொருகி ஓக் மரங்களில் குத்தி வைத்தார்கள். எல்லாக் காகிதங்களும் மரப்பட்டையின் நிறம்தான். ஆனால் கருந்திட்டுகள் விளிம்பை வெட்டிக்கொண்டு போகும்படி அச்சிட்டவை, அதே திட்டுகள் உள்ளடங்கி இருந்தவற்றைவிடப் பறவைகளிடமிருந்து அதிகம் தப்பின. நிறப் பொருத்தம் சமமாக இருந்தும் பிழைப்பு சமமாக இல்லை. நகல் எவ்வளவு துல்லியம் என்று மட்டும் அளப்பவர்களின் அளவுகோலில் இந்த வேறுபாடு விழவே விழாது.

இன்னொரு சங்கடமும் அவர்களுக்கு உண்டு. பத்துக் காலிமாக்களைப் பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். ஒன்று செம்பழுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று மஞ்சள் கலந்தது. ஒன்றில் நடுநரம்பு அழுத்தமாக இருக்கும், இன்னொன்றில் கறைகள் மண்டியிருக்கும். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. துல்லியமான நகலை நோக்கித்தான் தேர்வு தள்ளுகிறது என்றால் இத்தனை காலத்தில் எல்லாம் ஒரே சிறந்த இலையில் வந்து குவிந்திருக்க வேண்டுமே? 2022இல் 'செல்' ஆய்விதழில் வெளியான சீன ஆய்வொன்று இந்த வேறுபாடுகளின் மரபணு வேரைத் தோண்டியது. இறக்கை அடிப்பக்கத்தின் வெவ்வேறு வகைகளைக் கார்டெக்ஸ் என்ற மரபணு உள்ள பகுதி தீர்மானிக்கிறது. அந்த வகைகள் எதுவும் ஒழிந்துபோகாமல் எல்லாவற்றையும் இயற்கைத் தேர்வே நெடுங்காலமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது என்றது. (இங்கிலாந்தில் புகைக்கரி படிந்த மரங்களின் காலத்தில் கறுத்துப்போன அந்துப்பூச்சியின் நிறத்துக்கும் இதே பகுதிதான் காரணம் என்று முன்பே தெரிந்திருந்தது. 2024இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தினர் இப்பகுதியில் உண்மையில் வேலை செய்வது கார்டெக்ஸ் இல்லை, அதன் பக்கத்தில் உருவாகும் ஒரு நுண் ஆர்.என்.ஏ. என்று காட்டினார்கள். பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு என்பது மரபணுக்களிடமும் உண்டு போலும்.)

பலவிதமாக இருப்பதைத் தேர்வு ஏன் காப்பாற்றுகிறது? பறவையிடம் போனால் தெரியும். ஒருவகை இரையைச் சில தடவை கண்டுபிடித்துவிட்ட பறவை அதே உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்குகிறது. அப்போது அடிக்கடி தட்டுப்படும் வகை மாட்டிக்கொள்கிறது. அரிதான வகை தப்புகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆலன் பாண்டும் ஆலன் காமிலும் நீல ஜே பறவைகளைக் கணினித் திரையில் அந்துப்பூச்சி உருவங்களைக் கொத்தப் பழக்கினார்கள். கொத்துப்படாமல் தப்பிய உருவங்களே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது விதி. 2002இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: தலைமுறைகள் போகப்போக உருவங்கள் கண்டுபிடிக்கக் கடினமாகின, கூடவே ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டும் போயின. திரையில் இலையும் இல்லை, நகலெடுக்க எந்த அசலும் இல்லை. பறவையின் மூளை ஒன்றே இரண்டையும் செய்து காட்டியது. காலிமா ஏன் ஓர் இலையாக இல்லாமல் பல இலைகளாக இருக்கிறது என்பதற்கு, சருகை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விடை வராது.

சூழலின் நிறத்தோடு கலந்து மறைகிறது என்ற வழக்கமான விளக்கத்துக்கு வருகிறேன். வாலஸின் பூச்சி காய்ந்த இலைகள் உள்ள புதருக்குள் போனது உண்மை. ஆனால் காலிமா பச்சை இலையின்மேல் உட்காரும். ஆண் பூச்சி அங்கே அமர்ந்து தன் இடத்தைக் காக்கும். வெளிறிய மரத்தண்டில் தலை கீழாகவும் உட்காரும். காம்பு மேலே, நுனி கீழே; அதாவது வாலஸின் சித்திரத்துக்கு நேர் எதிர். நிறக் கலப்பைப் பேசுகிறவர்கள் இதைச் சொன்னால் சிரித்து மழுப்புவார்கள், அல்லது பூச்சி தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பார்கள். தவறு பூச்சியிடம் இல்லை. பச்சை இலைமேல் பழுப்புச் சருகு ஒன்று விழுந்து கிடந்தால் உங்கள் கண்ணுக்குப் படத்தான் செய்யும். பார்ப்பீர்கள், சருகு என்று விட்டுவிடுவீர்கள். கண்ணுக்குப் படாமல் இருப்பது ஒரு தந்திரம். கண்ணுக்குப் பட்டும் பொருட்படுத்தப்படாமல் இருப்பது முற்றிலும் வேறு தந்திரம். முன்னதில் பறவையின் பார்வை தோற்கிறது, பின்னதில் அதன் நினைவு தோற்கிறது.

கதைக்காகச் சொல்லவில்லை. 2010இல் ஜான் ஸ்கெல்ஹார்னும் கூட்டாளிகளும் கோழிக்குஞ்சுகளை வைத்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை இதைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டியது. சுள்ளி போன்ற புழுக்கள் அவர்களுடைய இரை. சில குஞ்சுகளுக்கு முன்கூட்டியே நிஜச் சுள்ளிகளைக் காட்டினார்கள். சிலவற்றுக்கு ஊதா நூல் சுற்றிய சுள்ளிகள். மீதிக் குஞ்சுகளுக்கு ஒன்றும் காட்டவில்லை. பிறகு எல்லாவற்றின் முன்னும் புழுவை வெட்டவெளியில் வைத்தார்கள். ஒளிய இடமில்லை, எல்லாக் குஞ்சுக்கும் புழு தெரிகிறது. நிஜச் சுள்ளியை அறிந்த குஞ்சுகள் தயங்கின, நேரம் எடுத்துக்கொண்டன. மற்றவை போய்க் கொத்தின. ஒரே புழு, ஒரே நிறம், ஒரே வடிவம். ஒரு குஞ்சுக்கு அது சுள்ளி, இன்னொரு குஞ்சுக்கு அது தீனி. ஒற்றுமை புழுவின் உடம்பில் இருந்தது என்றால் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தானே இருந்திருக்க வேண்டும்?

இதை ஏற்றுக்கொண்டால்தான் எல்லாவற்றிலும் பழைய சண்டை ஒன்று தீர்கிறது. 1871இல் இங்கிலாந்து விலங்கியலாளர் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட், டார்வினுக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். அதன் கூர்மையான கேள்வி இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது: முழு இலை பூச்சியைக் காப்பாற்றும், சரி, அரைகுறை இலையால் என்ன பயன்? தொடக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் இலைபோல் இருந்த பூச்சியைத் தேர்வு எப்படிக் கண்டுகொண்டது? டார்வின் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. இயற்கைத் தேர்வை விளக்கிய தம் நூலின் 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் இத்தகைய மறுப்புகளுக்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார். தற்செயலாக, முரட்டுத்தனமாக ஏதோ ஒன்றைப் போலிருந்த பூச்சியிலிருந்துதான் கதை தொடங்கியிருக்கும் என்பது அவர் பதில். சரியான பதில்தான், ஆனாலும் கேட்டவர்களுக்குப் போதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் என்ற பெரிய மரபியலாளரே, இத்தகைய உருவங்கள் ஒரே தாவலில் வந்திருக்க வேண்டும் என்று வாதாடினார்.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். 'எவ்வளவு கச்சிதம்' என்று வாலஸ் வழியில் வியப்பவர்களும் 'இவ்வளவு கச்சிதம் படிப்படியாக வருமா' என்று மிவார்ட் வழியில் கேட்பவர்களும் எதிரெதிர் அணி. நிற்கும் தரை ஒன்றுதான். ஒற்றுமை முழுமையாக இருந்தால்தான் மதிப்பு என்று இரு தரப்பும் நம்புகிறது. முதல் தரப்பு எழுதும் 'அச்சு அசல்' புகழ்ச்சியை வெட்டியெடுத்துத்தான் இரண்டாம் தரப்பு தன் துண்டறிக்கையை அச்சடிக்கிறது. பரிணாமத்தை ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டு காலிமாவைக் குறையற்ற நகல் என்று பாடுகிறவர்கள் யாருக்கு உபகாரம் செய்கிறார்கள் என்று யோசிக்கட்டும்.

பறவையை உள்ளே கொண்டுவந்தால் மிவார்ட்டின் கேள்வி கரைந்துவிடும். இரைதேடும் பறவை ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்ப்பதில்லை, பார்த்தால் பட்டினிதான். ஒரு பூச்சிக்கு எத்தனை ஆயிரம் சருகுகள் இருக்கும்? தூரத்திலிருந்து, கிளையசைவுக்கு நடுவே, அந்தி மங்கலில், பக்கவாட்டுப் பார்வையில், ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்தத் தூரத்தில் நரம்பும் தெரியாது, பூஞ்சையும் தெரியாது. பழுப்பு நிறம் ஒன்றே போதும். பழுப்போடு நுனி கொஞ்சம் கூர்மையாக இருந்தால், இன்னும் இரண்டடி கிட்டே வரும்வரை தாங்கும். அரை இலைக்குப் பயன் இல்லை என்பது கையில் எடுத்துப் பார்ப்பவரின் கணக்கு. இருபதடியில் ஏமாற்றும் பூச்சி பத்தடியில் மாட்டினாலும், இருபதடியிலேயே மாட்டும் தன் சகோதரியைவிட அதற்குச் சில முட்டைகள் கூடுதல். தேர்வுக்கு அது தாராளம்.

இது வெறும் யூகமாக நின்றுவிடவில்லை. 2014இல் ஜப்பானின் சுஸுகி, தொமிதா, செஸுத்ஸு மூவரும் காலிமாவையும் அதன் உறவினங்களையும் ஒரே பொது வரைவின்மேல் வைத்து ஒப்பிட்டு, உறவு மரத்தில் பின்னோக்கி நடந்து மூதாதைகளின் கோலத்தைக் கணித்தார்கள். இலை ஒரே தாவலில் வரவில்லை. ஒரு பட்டை நேராகிறது. பல கிளைகளைத் தாண்டி இன்னொன்று நகர்கிறது. வேறொரு கட்டத்தில் கண்புள்ளி மங்குகிறது. இடைப்பட்ட கோலங்களோடு இன்றும் பறந்துகொண்டிருக்கும் உறவுக்காரப் பூச்சிகள் இருக்கின்றன. மிவார்ட் பயனற்றது என்று தள்ளிய அரைகுறை இலைகள் அவை. பிழைத்துத்தான் இருக்கின்றன.

ஓர் எதிர்வாதம் உண்மையிலேயே கனமானது, அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. தூரத்தில் பழுப்பே போதும் என்றால் நரம்பு எதற்கு, கறை எதற்கு, முன்னிறக்கையில் ஓட்டை போலத் தெரியும் ஒளிபுகும் புள்ளி எதற்கு? இந்த வேலைப்பாடே துல்லியத்துக்குச் சாட்சி ஆகாதா? ஆகாது. பழுப்பு எல்லாப் பூச்சியிலும் வந்தபின் பழுப்பால் யாருக்கும் கூடுதல் லாபம் இல்லை. அப்போது கிட்டே வந்து பார்க்கும் பறவைதான் மிச்சப் பூச்சிகளைப் பிரிக்கிறது. கிட்டத்தில் தெரியும் சிறு கோடுகளுக்கு அப்போதுதான் விலை ஏறுகிறது. இலை இறக்கையில் ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு தூரத்துக்கானது. கறைகளின் ஒழுங்கின்மைக்கும் இதே காரணம்: ஒழுங்காக ஒரே இடத்தில் விழும் கறையைப் பறவை கற்றுக்கொள்ளும்.

துல்லியமே பாதுகாப்பு என்றால் விளக்க முடியாத ஒரு பூச்சி நம் வயல்வரப்பிலேயே இருக்கிறது. மெலனிடிஸ் லீடா, நெற்பயிரும் புல்லும் தின்னும் புழுவிலிருந்து வருவது, அந்தி வேளையில் தாழப் பறப்பது, விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிடுவது. வறண்ட காலத்தில் அடிப்பக்கம் முழுச் சருகு, அதிலும் ஆளுக்கொரு நிறம். மழைக்காலத் தலைமுறையில் அதே இனம் விளிம்பு நெடுகக் கண்புள்ளிகளோடு வருகிறது. சருகு வேடம் அவ்வளவு உயர்ந்ததென்றால் பாதி ஆண்டு அதை ஏன் கழற்றி வைக்க வேண்டும்? ஆப்பிரிக்காவில் இதே பழக்கமுள்ள பைசைக்ளஸ் அனினானாவை வைத்து ஆய்வுக்கூடங்கள் விடை கண்டிருக்கின்றன. புழுவை 27 டிகிரியில் வளர்த்தால் பெரிய புள்ளிகள், 17 டிகிரியில் வளர்த்தால் ஏறக்குறைய புள்ளியே இல்லை, மரபணு ஒன்றுதான். பழுப்புப் பின்னணியில் பறவைகளிடம் புள்ளியில்லாதவை அதிகம் தப்பின. தயிர்க்கடைப்பூச்சியிடம் கதை தலைகீழ்: புள்ளியுள்ளவை விளிம்பில் அடிவாங்கி, இறக்கையைக் கிழித்துக்கொண்டு உயிரோடு போயின. எதிரி மாறினால் எது நல்ல இறக்கை என்பதும் மாறுகிறது. பார்க்கும் கண்ணைச் சொல்லாமல் நல்ல உருமறைப்பு, மோசமான உருமறைப்பு என்று மதிப்பெண் போட முடியாது.

'தப்ப' என்ற சொல்லையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. காலிமாவின் முட்டைக்கும் புழுவுக்கும் இலை வேடம் கிடையாது. புழு முள்ளும் மயிருமாக இருக்கும். எறும்பும் ஒட்டுண்ணிக் குளவியும் மோப்பத்தால் வருபவை. அவற்றுக்கு இலைச் சித்திரத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடைசியாக, எல்லோரும் உருமறைப்புக் கணக்கிலிருந்து விட்டுவிடும் மேல்பக்கம். நீலமும் பட்டையும் அழகுக்கு, இணையைக் கவர. அடிப்பக்கம் ஒளிந்துகொள்ள என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். இணைக்கும் அது பயன்படலாம், மறுக்கவில்லை. ஆனால் வாலஸ் துரத்தியதை மறுபடி வாசியுங்கள். அவர் பின்தொடர்ந்தது ஒரு மினுமினுக்கும் நிறத்தை. பூச்சி உட்கார்ந்த கணத்தில் அந்த நிறம் அணைந்துவிட்டது. அவர் கண் அதையே தேடிக்கொண்டு புதரைச் சுற்றியது. பறக்கும்போது பளிச்சென்று தெரிந்து அமரும்போது மறைந்துவிடும் உருவங்களையும் எப்போதும் மங்கலாகவே இருக்கும் உருவங்களையும் கணினித் திரையில் ஓடவிட்டு மனிதர்களைத் தேடச் சொன்ன சோதனைகள் இப்போது பல வந்துவிட்டன. பளிச்சிட்டு மறைந்தவற்றைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. தேடுபவரின் மனத்தில் முதலில் ஒரு தவறான நிறத்தைப் பதித்துவிட்டால், பிறகு சருகு சுமாராக இருந்தாலும் போதும். அப்படியானால் அந்த நீலமும் உருமறைப்பின் ஓர் அங்கம்தான். இரண்டு படங்களையும் தனித்தனியே ஒட்டி, ஒன்றின் கீழ் அழகு என்றும் மற்றதன் கீழ் அச்சு அசல் இலை என்றும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.